பன்னிரண்டரை அடியும் பைத்தான் 2.7ம்: பழைய பதிப்பை எங்கே வைத்துக்கொள்வது?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பு. வெளிப் பார்ட்டிகளின் தோலை வாங்கி ஜாப் ஒர்க் முடித்துக் கொடுப்பார்கள். எல்லாம் முடிந்தபின் கடைசியாக நடப்பது அளவு. மெஷரிங் மெஷினில் ஒருவர் தோலை விரித்து உள்ளே விட, மறுபக்கம் வரும்போது அது எத்தனை சதுர அடி என்று மெஷின் சொல்லும். அந்த எண்ணை சீரியல் கேபிள் வழியாக வாங்கி லேபிள் அடிப்பதும், லாட் முடிந்ததும் கூட்டிப் பெருக்கிச் சலான் போடுவதும் மூலையில் இருக்கும் கணினியின் வேலை.

2015ல் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருள் அது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். ஏழெட்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் தொடாமல் இருப்பது. இயங்குதளம் லினக்ஸ் வகையான டெபியன் 8, அதில் பைத்தான் 2.7 என்ற நிரல்மொழி, கணக்குப் பார்க்கும் வலைப்பக்கத்துக்கு பிஎச்பி 5.6 என்ற இன்னொரு மொழி, கீழே தகவல்களைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல். இத்தனை வருடத்தில் நான் உள்ளே கை வைத்தது ஒரே ஒரு முறை. 2019 நவம்பர் 28ல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனபோது, சலானில் 'வேலூர் மாவட்டம்' என்று வருவதை மாற்றச் சொன்னார்கள். ஓர் இடத்தில் இருக்கும் என்று போனேன். பதினோரு கோப்புகளில் இருந்தது. பின்கோடு மாறாமல் விட்டார்களே என்று அன்றைக்கு நிம்மதிப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன கோடையில் மதர்போர்டு போய்விட்டது. கெபாசிட்டர்கள் உப்பிக்கொண்டு நின்றன. ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. புதுக் கணினி வாங்கி, பழைய டிஸ்க்கை அதில் மாட்டிப் பார்த்தேன். டெபியன் 8ன் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, 3.16. புது போர்டின் நெட்வொர்க் சிப் அதற்கு யாரென்றே தெரியவில்லை. சரி, புதிதாக டெபியன் 13 போட்டுவிடலாம் என்றால், அதில் பைத்தான் 3.13ம் பிஎச்பி 8.4ம்தான் இருக்கின்றன. நமக்கு வேண்டிய 2.7ம் இல்லை, 5.6ம் இல்லை. பழைய பதிப்புக்கு எழுதிய நிரல் புதியதில் அப்படியே ஓடாது.

முதலாளி பாய் வந்து நின்று பார்த்தார். "ஓடிக்கிட்டுதானே தம்பி இருந்தது? அதையே இதுல போட்டுக் குடுங்க."

நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஆறேழு வழிகளைப் பத்து நாள் எடைபோட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலைமையில் வாணியம்பாடியிலோ குடியாத்தத்திலோ யாராவது இருக்கக்கூடும்.

ஏன் எடுத்துவிட்டார்கள்?

முதலில் டெபியன் மீது வந்த கோபத்தைத் தணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டெபியன் மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூஷன் (லினக்ஸோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தருவது) நமக்குக் கொடுப்பது மென்பொருள் மட்டும் இல்லை. இந்த வெளியீட்டில் இருக்கிற எதிலாவது பாதுகாப்பு ஓட்டை வந்தால் இத்தனை வருடம் வரை அடைத்துத் தருவோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்து வருகிறது. ஒரு மொழிக்கு இரண்டு பதிப்புகள் வைத்தால் அதன் நூலகங்களையும் (நிரல்கள் எடுத்தாளும் தயார் நிரல் தொகுதிகள்) இரண்டு முறை கட்ட வேண்டும், இரண்டு முறை சோதிக்க வேண்டும். செய்பவர்களில் பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

பைத்தான் 2.7க்கு மூல ஆசிரியர்கள் தரும் ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. ஏப்ரலில் 2.7.18 என்று கடைசியாக ஒன்று வந்தது, அவ்வளவுதான். டெபியனும் அதை ஒரே நாளில் தூக்கி எறியவில்லை. 10ல் முழுசாக இருந்தது. 11ல் சில தொகுப்புகளைக் கட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கிறோம், இதில் மென்பொருள் ஓட்டாதீர்கள் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள். 2023 ஜூனில் வந்த 12ல் இல்லை. உபுண்டுவிலும் 22.04 வரை ஓரமாக இருந்தது, 24.04ல் போய்விட்டது. அதாவது நமக்கு மூன்று வெளியீடுகள் அளவுக்கு அவகாசம் இருந்தது. நாங்கள்தான் 8லேயே உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்று, இதுதான் எனக்குத் தாமதமாக உறைத்தது. பழைய மொழியை மட்டும் வைத்துக்கொள்வது பெரிய காரியம் இல்லை. அது சாய்ந்து நிற்கும் சுவர்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாடு. தகவலை மறையாக்கி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 12லிருந்து அதன் 3ஆம் பதிப்புதான். பிஎச்பி அதோடு ஒழுங்காகப் பேசத் தொடங்கியது 8.1லிருந்து. 5.6க்கோ அதற்கும் முந்தைய 1.0 வேண்டும். பழைய குடித்தனக்காரர் ஒருவரை இருக்கச் சொன்னால், அவர் மாமனார் மாமியார், அவர்கள் வளர்க்கும் ஆடு வரைக்கும் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லா மொழியும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே கணினியில், பழைய சலான்களை மாதவாரியாக அடுக்கிவைக்க ஒரு பெர்ல் நிரல் இருந்தது. டெபியன் 13ன் பெர்ல் 5.40ல் போட்டேன். ஒரு வரி தவிர அப்படியே ஓடியது. 2017ல் வந்த 5.26லிருந்து பெர்ல் தன் நூலகங்களைத் தேடும்போது நடப்பு அடைவைப் பார்ப்பதில்லை, அதற்காக ஒரு வரி. பெர்லைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நீண்ட ஆயுள் உள்ள டிஸ்ட்ரிபியூஷனுக்கு மாறுவது

முதலில் மனதில் வந்தது ரெட் ஹேட் குடும்பம். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தது 2019ல், பத்து வருட ஆயுள். காசு கொடுக்காமல் அதே வகையில் வேண்டுமென்றால் அல்மாலினக்ஸ் 8, ராக்கி 8. அதில் பைத்தான் 2.7 உண்டு. ஒரே மொழிக்குப் பல பதிப்புகளைத் தனித்தனி ஓடைகளாக வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. கேட்கவே இனிப்பாக இருந்தது.

சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்தபோது இனிப்பு குறைந்தது. இயங்குதளத்துக்குப் பத்து வருடம் என்றால் உள்ளே இருக்கும் ஓடைக்கும் பத்து வருடம் என்று அர்த்தமில்லை. எட்டின் பைத்தான் 3.6க்கு முழு ஆயுள் கொடுத்தார்கள். 2.7க்கு 2024 ஜூன் வரைதான். பிஎச்பியில் இருப்பதிலேயே பழையது 7.2, நம்முடைய 5.6 அங்கேயும் கிடையாது. இத்தனைக்கும் மேல் டெபியனிலிருந்து வீடு மாற்றும் வேலை. கணக்குப் போட்டால் அந்த வழியில் பாதிப் பிரச்சினை தீர்கிறது, அதுவும் நாள் முடிந்துபோன பாதி. விட்டுவிட்டேன். உங்களிடம் ஓடுவது பைத்தான் 3.6ஆக இருந்தால் என் பதில் வேறு. அப்போது இதுதான் முதல் தேர்வு.

நாமே கட்டிக்கொள்வது

பைத்தான் 2.7.18ன் மூல நிரலை இறக்கி, கம்பைல் செய்து, தனி அடைவில் வைத்துவிடலாம். இதற்கு பைஎன்வி என்ற கருவி இருக்கிறது, அது இல்லாமலும் செய்யலாம். நான் ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து செய்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. திறந்தால் 2.7.18 என்று அழகாகச் சொன்னது. நூலகங்களை இறக்கப் போனால், எஸ்எஸ்எல் என்ற பகுதியே இல்லை என்றது. கட்டும்போது அதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் கணினியில் இல்லாவிட்டால், பைத்தான் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மீதியைக் கட்டிவிடும். கடைசியில் ஒரு மூலையில் சொல்லும், ஆனால் அந்த மூலையை யார் படிக்கிறார்கள்? இரண்டாம் முறை கட்டினேன். சுருக்கக் கோப்புகளைப் பிரிக்கும் பகுதி இல்லை. மூன்றாம் முறை கட்டும்போது இரவு பத்தாகிவிட்டது. அப்புறம் நூலகங்களை இறக்கும் பிப் கருவி. அதில் 2.7க்குக் கடைசியாக ஒத்துப்போகும் பதிப்பு 20.3.4. அதைத் தேடிப் போட வேண்டும்.

இந்த வழியைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குறை, நாமே கட்டியதை டெபியனில் தொகுப்புகளை நிறுவும் கருவியான ஏப்டிக்குத் தெரியாது, பாதுகாப்புத் திருத்தம் தானாக வராது என்பது. உண்மைதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், 2.7க்கு மூலத்திலிருந்தே இனி திருத்தம் வரப்போவதில்லை. வராத தபாலுக்கு முகவரி இல்லாமல் போனால் என்ன? செத்த பதிப்பை நாமே கட்டி வைப்பதில் இழப்பு குறைவு. உயிரோடு இருக்கும் பதிப்பை, 3.11 மாதிரி ஒன்றை, நாமே கட்டிவைத்துவிட்டு மறந்துபோனால்தான் ஆபத்து. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மூன்றாமவர் களஞ்சியம்

பிஎச்பிக்கு இது ராஜபாட்டை. டெபியனின் பிஎச்பி தொகுப்புகளைப் பராமரிப்பவர்களில் ஒருவரான ஒண்ட்ரேய் சூரி, தனியாக ஒரு களஞ்சியம் நடத்துகிறார். 5.6 தொடங்கிப் புதுப் பதிப்புகள் வரை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றை ஒன்று மிதிக்காது. கணக்குப் பக்கத்துக்கு 5.6, புதிதாக எழுதுவதற்கு 8.4 என்று ஒரே கணினியில் தளம்வாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம். உபுண்டுவில் பைத்தானுக்கு டெட்ஸ்நேக்ஸ் என்று ஒன்று உண்டு. 'செத்த பாம்புகள்' என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பாதுகாப்புத் திருத்தம் உரிய நேரத்தில் வரும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று அவர்களே முகப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே நம் நம்பிக்கை ஓர் அமைப்பிலிருந்து ஓரிருவர் கைக்கு மாறுகிறது. அவர் சோர்ந்துவிட்டால்? எந்தப் பதிப்பை எந்த டெபியனுக்கு எது வரை கட்டுவது என்பதும் அவர் விருப்பம். ஆறு மாதத்துக்கு இதில் நிற்கலாம். அதற்கு மேல் நிற்பதாக இருந்தால் நான் யோசிப்பேன்.

கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா?

கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பெட்டியில் அடைத்து ஓட்டுவது, கெர்னல் மட்டும் வெளிக் கணினியுடையது. விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் மென்பொருளாலேயே ஒரு முழுக் கணினி. எதை வைப்பது என்று யாரிடம் கேட்டாலும் டாக்கர் என்ற கன்டெய்னர் கருவியைத்தான் சொல்வார்கள். காட்பாடியில் தடுக்கி விழுந்தால் ஓர் இன்ஜினியரிங் மாணவர் கைகொடுத்துத் தூக்குவார், அவருக்கும் டாக்கர் தெரிந்திருக்கும். அது ஒரு பெரிய பலம். எனக்குப் பிறகு வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

டாக்கருக்கான பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பில் பைத்தான் 2.7க்கும் பிஎச்பி 5.6க்கும் அதிகாரபூர்வப் படிமங்கள் (தயார் பெட்டிகள்) இன்னும் கிடக்கின்றன. இறக்கினேன், ஓடியது. அப்புறம் பிஎச்பி படிமத்துக்குள் ஒரு கூடுதல் நூலகம் போடலாம் என்று போனபோதுதான் தெரிந்தது, அது டெபியன் 9 மேல் கட்டப்பட்டது. டெபியன் 9ன் தொகுப்புகளை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். கன்டெய்னர் பழைய முகவரியில் போய்த் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. முகவரியை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும், பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிற எதுவும் வருடக்கணக்காகப் புதுப்பிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் முகத்தில் அடித்தது. கன்டெய்னருக்குள் வைத்தால் பழையது புதிதாகிவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

சீரியல் கேபிளும் தொல்லை கொடுத்தது. புதுக் கணினியில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி மாற்றி போட்டோம். கணினி அதற்கு 0 என்று எண் கொடுத்தது, கன்டெய்னருக்கும் அதையே காட்டிக் கொடுத்தேன். மதியம் கூட்டும்போது யாரோ கேபிளில் இடறிவிட்டார்கள். மறுபடி செருகியதும் அது 1 ஆகிவிட்டது. கன்டெய்னர் பழைய 0ஐயே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நிலையான பெயர் வைக்க ஒரு விதி எழுதிச் சரிசெய்தேன். மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு இதெல்லாம் புரிய வேண்டிய அவசியமில்லை, லேபிள் வர வேண்டும்.

விர்ச்சுவல் மெஷின் கொஞ்சம் கனம். ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே படிமமாக எடுத்து, லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் வசதியான கேவிஎம்மில் போட்டால், அந்தப் பழைய 3.16 கெர்னலுக்குத் தெரிந்த மாதிரியான நெட்வொர்க் கார்டை அதுவே நடித்துக் காட்டும். பைத்தான், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், எழுத்துரு, அச்சு இயந்திர அமைப்பு, 2015ல் எழுதியவர் எங்கெங்கோ செருகிவைத்த சின்னச் சின்ன மாற்றங்கள், எல்லாம் அப்படியே. எதையும் மறுபடி கட்ட வேண்டாம். என்னவெல்லாம் தேவை என்று முழுசாகத் தெரியாதபோது இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. யுஎஸ்பியை உள்ளே அனுப்பும் வேலை மட்டும் பாக்கி. அதில் எண்ணைச் சொல்லாமல் கருவியின் அடையாளத்தைச் சொன்னால் போதும், இடறல் தொல்லையும் குறைந்தது.

ஒன்றே ஒன்று செய்தேன். அந்த மெஷினுக்கு வெளி நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டேன். மெஷரிங் பக்கம் இணையமே தேவையில்லை. பைத்தான் 2.7 ஆபத்து என்று சொல்வதெல்லாம் அது யாரோடு பேசுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கேபிளிலிருந்து எண்ணை வாங்கி லேபிள் அடிப்பதை யார் வந்து உடைக்கப்போகிறார்கள்? பிஎச்பி பக்கம் அப்படி இல்லை. ஷாப்பின் வைஃபை கடவுச்சொல் வாசல் செக்யூரிட்டி வரைக்கும் தெரியும். ஆகவே பழைய மொழிகள் இரண்டு இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே அவசரம் இல்லை. பிஎச்பிக்குத்தான் முதலில் நாள் குறிக்க வேண்டும் என்று அங்கே தெளிவாகிவிட்டது.

நிக்ஸ், கீக்ஸ் (Guix), ஜென்டூ என்ற வேறு லினக்ஸ் வகைகள் பற்றியும் ஒரு வார்த்தை. பல பதிப்புகளை மோதாமல் வைத்துக்கொள்வதை வடிவமைப்பிலேயே யோசித்தவை இவை. நிக்ஸில் ஒவ்வொரு தொகுப்பும் தனக்கென்று ஒரு முகவரியில் உட்காரும், அதனால் இருபது பைத்தான் வைத்தாலும் சண்டை வராது. 2.7ஐக் கேட்டால், இது பாதுகாப்பற்றது, தெரிந்துதான் கேட்கிறேன் என்று எழுதிக்கொடு என்கிறது. எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிக்கும். என் மடிக்கணினியில் அதுதான். ஆனால் நான் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது ராணிப்பேட்டையில் நிக்ஸ் தெரிந்தவரை யார் தேடிப் பிடிப்பது?

எழுதி மாற்றுவது

கடைசியில் வருவது எல்லாரும் முதலில் சொல்வது: பைத்தான் 3க்கு மாற்றிவிடு. மெஷின் பக்க நிரல் இரண்டாயிரம் வரிக்கும் குறைவு. ஒரு வாரம் என்று பாயிடம் சொன்னேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தோலைக் கால் அடிக் கணக்கில்தான் அளப்பார்கள். தோலின் பின்பக்கம் 12 என்று எழுதி அதன் தலைமேல் சின்னதாக 2 என்று போட்டிருந்தால் பன்னிரண்டரை. 1 என்றால் பன்னிரண்டே கால், 3 என்றால் பன்னிரண்டே முக்கால். மெஷின் அனுப்புவது மொத்தக் கால்களின் எண்ணிக்கையை. 50 என்று வரும். பழைய நிரல் 50ஐ 4ஆல் வகுத்தது, ஈவு 12, மீதி 2. லேபிளில் 12, மேலே சின்ன 2. பைத்தான் 2ல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும். பைத்தான் 3ல் அதே வகுத்தல் 12.5 என்று கொடுக்கும். மாற்றிய நிரல் அடித்த முதல் லேபிளில் 12.5 என்றும் அதன் தலைமேல் சின்ன 2 என்றும் இருந்தது. மெஷின் பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பன்னெண்டரைக்கு மேல ஒரு அரையா?" என்றார்.

அதற்கு முன்னால் லேபிளே வராத ஒரு மணி நேரமும் இருந்தது. மெஷின் அனுப்பும் ஒவ்வொரு வரியும் ஓர் எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்து சரியா என்று நிரல் பார்க்கும். பைத்தான் 3ல் கேபிளிலிருந்து வருவது எழுத்தாக வருவதில்லை, பைட்டாக வருகிறது. முதல் பைட்டை எடுத்தால் ஓர் எண் கிடைக்கும். எண்ணை எழுத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் பொருந்தாது. பிழைச் செய்தியும் இல்லை, லேபிளும் இல்லை. நிரல் தவம் செய்வது மாதிரி உட்கார்ந்திருந்தது.

கூலிப் பதிவேட்டில் இருந்த தமிழ்ப் பெயர்கள் தனிக் கதை. யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் சேமித்திருந்தார்கள். தமிழக அரசே 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, 2015ல் எழுதியவருக்கு ஏனோ பழைய எழுத்துருதான் பிடித்திருந்தது. பைத்தான் 2 அந்த பைட்டுகளைக் கேள்வி கேட்காமல் கடத்திக்கொண்டிருந்தது. பைத்தான் 3 கேள்வி கேட்டது. ஓப்பன்-தமிழ் நூலகத்தில் பழைய குறியாக்கங்களை மாற்றும் வசதி இருக்கிறது, அதை வைத்து மாற்றினேன். சில பெயர்களைக் கையால் திருத்த வேண்டிவந்தது.

இதற்கெல்லாம் 2to3 என்ற தானியங்கிக் கருவி இருக்குமே என்பீர்கள். இருந்தது. பைத்தான் 3.13ல் அதை எடுத்துவிட்டார்கள். டெபியன் 13ல் இருப்பது 3.13. இருந்திருந்தாலும் வகுத்தலை அது தொடாது, ஏனென்றால் எந்த வகுத்தலில் முழு எண் வேண்டும், எதில் தசமம் வேண்டும் என்று அதற்குத் தெரிய வழியில்லை. வகுத்தல்களைக் காட்டிக்கொடுக்கும் வசதி ஒன்றுண்டு: -3 என்ற கொடியோடு (கட்டளையோடு சேர்க்கும் குறி) நிரலை ஓட்டினால், 3ல் வேறு மாதிரி நடக்கப்போகும் இடங்களை ஓடும்போதே எச்சரிக்கும். அந்தக் கொடி இருப்பது எதில் தெரியுமா? பைத்தான் 2.7ல்.

டிஸ்ட்ரிபியூஷன்கள் பழைய பதிப்பைக் கொஞ்ச காலம் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான். பழையதில் காலம் தள்ளுவதற்காகக் கேட்கவில்லை. பழையதை விட்டு வெளியே வருவதற்கே பழையது தேவைப்படுகிறது. டெபியன் 10ல் இரண்டும் முழுசாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது இந்த வேலையைச் செய்திருந்தால், எனக்கு விர்ச்சுவல் மெஷினும் வேண்டாம், சனிக்கிழமை இரவும் வேண்டாம். இரண்டும் சேர்ந்திருந்த அந்த வருடங்களை நாங்கள் கோட்டைவிட்டோம்.

என்ன முடிவு செய்தோம்?

பழைய டிஸ்க் அப்படியே விர்ச்சுவல் மெஷினாக, வெளி நெட்வொர்க் இல்லாமல். முதல் மாதம் உண்மையான லேபிளை அதுதான் அடிக்கும். மெஷின் அனுப்பும் வரிகளை எல்லாம் ஒரு கோப்பில் பதிவு செய்து, மாலையில் அதே கோப்பைப் புது நிரலுக்குக் கொடுத்து, இரண்டின் லேபிளையும் சலானையும் வரிக்கு வரி ஒப்பிடுவது. பிஎச்பிக்குச் சூரியின் களஞ்சியத்திலிருந்து 5.6, அதுவும் அக்கவுண்டன்ட் கணினியிலிருந்து மட்டும் திறக்கும்படி. பிஎச்பி 7ல் பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை எடுத்துவிட்டதால் ஒவ்வொரு கோப்பிலும் கை வைக்க வேண்டும். மெதுவாக மாற்றி 8.4க்குக் கொண்டுபோக மூன்று மாதம் கேட்டேன். நாலரை ஆனது.

பாய் செலவை மட்டும் கேட்டார். மாற்றி எழுதினாலும் பழையதையும் வைத்துக்கொள்வீர்கள் என்றால் எதற்கு இரண்டு செலவு என்றார். ஒரு மாதம் பொறுங்கள் என்றேன்.

முதல் இரண்டு வாரம் ஒப்பீட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கே அலுத்துவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு சலானில் ஒரு ரூபாய் உதைத்தது. லாட்டின் அளவு 1,412 முக்கால் சதுர அடி. அடிக்கு 6 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள், 8,476 ரூபாய் 50 காசு. பழைய நிரல் அதை 8,477 ஆக்கியது. புதியது 8,476 என்றது. பைத்தான் 2 சரிபாதியாக இருந்தால் மேலே ஏற்றும். பைத்தான் 3 சரிபாதியாக இருந்தால் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். அதே லாட் 1,412 கால் அடியாக இருந்திருந்தால் 8,473 ரூபாய் 50 காசு, இரண்டுமே 8,474 என்றுதான் சொல்லியிருக்கும். அதனால்தான் இரண்டு வாரம் கண்ணில் படவில்லை. நிரல் எங்கும் நிற்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பக்கத்தில் பழையது ஓடாமல் இருந்திருந்தால் இதைப் பிடித்திருக்கவே முடியாது.

டெசிமல் நூலகத்தில் பாதியை மேலே ஏற்றச் சொல்லும் முறை இருக்கிறது, அதைப் போட்டுச் சரிசெய்துவிட்டு பாயிடம் போய்ச் சொன்னேன். ஒரு ரூபாய்தானே என்பார் என்று நினைத்தேன்.

"ஒரு ரூவா ஜாஸ்தி போட்டிருந்தா பார்ட்டி அன்னிக்கே போன் பண்ணியிருப்பான் தம்பி. கம்மியா போட்டா எவன் சொல்லுவான்?" என்றார். செலவுப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது லேபிள் அடிப்பது பைத்தான் 3.13. பழைய விர்ச்சுவல் மெஷின் அணைந்து கிடக்கிறது. எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் எழுதி கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மார்ச் கணக்கு முடியும் வரை அழிக்க வேண்டாம் என்று அக்கவுண்டன்ட் சொல்லியிருக்கிறார்.